மூங்கில் நம்மளுது, மீன்தான் விருந்தாளி

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகப் பேச்சைக் கொஞ்சம் சீர் செய்திருக்கிறோம்.)

இந்த வாரம் ஒரு வாய்ஸ் நோட்டுல இருந்து ஆரம்பிக்கலாம். சரவணம்பட்டியில ஐடி வேலை பார்க்குற ஒரு தங்கச்சி அனுப்பினது. "அண்ணா, ரீல்ஸ்ல ஒருத்தர் முட்டி வரைக்கும் ஆத்துத் தண்ணியில நின்னு, ஒரு மூங்கில் கம்பை முன்னாடியும் பின்னாடியும் ஆட்டி, காத்துலயே கயிறால கோலம் போட்டு மீன் புடிக்கிறாரு. டிரவுட்னு ஒரு மீனாம். அது நம்ம ஊட்டியிலயே இருக்குன்னு ஆபீஸ்ல சொல்றாங்க. நிஜமாண்ணா? நாம போய்ப் புடிக்கலாமா?"

மீன் இருக்கறது நிஜம். நூறு வருஷத்துக்கு மேல இருக்கு. புடிக்கலாமாங்கறதுக்கு ஒரு வார்த்தையில பதில் சொல்ல முடியாது, அதனாலதான் ஒரு முழு எபிசோடு. இதைத் தேடிப் படிக்கப் போனா, நாம நினைச்சதுக்கு நேர் தலைகீழா ஒரு கதை கிடைச்சுச்சு. அந்த மூங்கில் கம்பு வெள்ளைக்காரன் சமாச்சாரம், மீன் நம்ம மலை மீன்னுதானே தோணும்? கம்போட பூர்வீகத்துல பாதி நம்ம காட்டுல இருக்கு. மீன்தான் கப்பல்ல வந்த விருந்தாளி.

முதல்ல அந்த ஆட்டம் எதுக்குன்னு பார்த்துடலாம்.

நம்ம குளத்து மேட்டுல தூண்டில் போடுறவங்களைப் பார்த்திருப்பீங்க. மூங்கில் கம்பு, நரம்பு, தக்கை, ஈயக்குண்டு, முள்ளுல மண்புழு. வீசினா ஈயத்தோட கனம் நரம்பை இழுத்துட்டுப் போகும். டிரவுட் அப்படிச் சிக்கறது கஷ்டம். அது ஓடையில ஒரு கல்லு மறைவுல நின்னுக்கிட்டு, தண்ணி மேல மிதந்து வர்ற பூச்சியைத்தான் பார்த்துட்டு இருக்கும். அதனால இரையும் பூச்சி மாதிரியே இருக்கணும்: சின்னக் கொக்கியில கொஞ்சம் இறகு, கொஞ்சம் நூல் சுத்தினது. அதைத்தான் ஃப்ளைங்கறாங்க. ஒரு கிராம்கூட வராது. ஒரு கிராம் இல்லாத பொருளை எப்படி 40 அடி தூரம் வீசுவீங்க? ஒரு இறகை எடுத்து வீசிப் பாருங்க, உங்க காலடியிலயே விழும்.

அங்கதான் ஐடியா. கனத்தை இரையில வைக்காம கயிறுல வச்சுட்டாங்க. ஃப்ளை லைன்னு சொல்ற அந்தக் கயிறு தடிமனா இருக்கும். அந்தக் காலத்துல பட்டு நூல்ல பின்னினது, இப்ப பிளாஸ்டிக் பூச்சு. 5-ம் நம்பர் லைன்னா அதோட முதல் 30 அடி சுமார் 9 கிராம் எடை. கம்பைப் பின்னாடி ஆட்டும்போது அந்தக் கயிறு காத்துல முழுசா நீளும், அந்த எடை கம்பை வளைக்கும், வளைஞ்ச கம்பு நிமிரும்போது கயிறை முன்னாடி தள்ளும். சாட்டை மாதிரின்னு வச்சுக்கங்க. கடைசியில பூச்சி சத்தமில்லாம தண்ணியில உட்காரணும். ஆக இங்க கம்புங்கறது வெறும் பிடி இல்லை, ஒரு ஸ்ப்ரிங். அது எவ்வளவு வளையுது, எவ்வளவு வேகத்துல நிமிருதுங்கறதுலதான் மொத்த விஷயமும் இருக்கு.

இப்ப மூங்கிலுக்கு வருவோம்.

முழு மூங்கில் கம்பு நுனியில ரொம்பத் தடிமனா இருக்கும் இல்லைன்னா ஒடிஞ்சுடும். மூங்கிலை வெட்டிப் பார்த்தீங்கன்னா, வெளிப்பட்டை பக்கம் நார் நெருக்கமா, கருப்புப் புள்ளி புள்ளியா இருக்கும். உள்பக்கம் போகப்போக நார் குறைஞ்சு சக்கை மாதிரி ஆயிடும். பலம் எல்லாம் வெளியில. அப்ப உள்சக்கையைச் சீவி எறிஞ்சுட்டு, வெளி நாரை மட்டும் வச்சு ஒரு கம்பு செஞ்சா? அதைத்தான் 19-ம் நூற்றாண்டு நடுவுல செஞ்சாங்க. அமெரிக்காவுல பென்சில்வேனியா மாநிலத்து ஈஸ்டன் ஊர்ல துப்பாக்கி செய்யற சாமுவேல் பிலிப் பேரை இதுல முன்னோடியா சொல்வாங்க. பிறகு 1870-கள்ல மேய்ன் மாநிலத்துல ஹைரம் லெனார்டுங்கறவர் ஆறு பட்டை வச்ச கம்பை ஒரு தொழிலாவே ஆக்கினார்.

ஆறு பட்டை எப்படின்னா, மூங்கிலை நீளவாக்குல பிளந்து, ஒவ்வொரு பட்டையையும் முக்கோணமாச் சீவணும். ஒவ்வொரு மூலையும் 60 டிகிரி. ஆறு முக்கோணத்தையும் சேர்த்து ஒட்டினா அறுகோணம் வரும், பட்டையோட பளபளப்பு மேல்பக்கம் ஆறு முகத்துலயும் வெளியில பார்க்கும். அந்த மேல்தோலை மட்டும் இழைப்புளி தொடவே கூடாது, பலம் அங்கதான். கணு இருக்கற இடத்தைச் சூடு காட்டி அமுக்கி நேராக்கணும். பட்டையை மொத்தமா உலையில வாட்டி ஈரத்தை எடுக்கணும். அப்புறம் இரும்புல செஞ்ச ஒரு அச்சுக்குள்ள வச்சு, அடியில இருந்து நுனி வரைக்கும் மெல்ல மெல்ல ஒல்லியாகற மாதிரி இழைக்கணும்.

எவ்வளவு துல்லியமான்னு கேட்டீங்கன்னா, நுனியில கம்போட தடிமன் 1.8 மில்லிமீட்டர்கிட்ட வரும். ஒரு கம்போட விறைப்பு அதோட தடிமனோட நாலாவது அடுக்குல ஏறும், அதாவது தடிமன் 2 மடங்கானா விறைப்பு 16 மடங்கு. அப்ப நுனியில வெறும் 0.05 மில்லிமீட்டர் கூடினாலே விறைப்பு 10 சதவீதத்துக்கு மேல ஏறிடும். கையால, இழைப்புளியால, இதைச் செய்யறாங்க. கணபதி, பீளமேடு பக்கம் லேத்துல வேலை பார்த்த யாருக்காச்சும் இதைச் சொன்னீங்கன்னா உடனே புரியும், "ஓ, மைக்ரோமீட்டர் வேலையா"ம்பாங்க. எவரெட் கேரிசன்னு நியூயார்க் பக்கம் ஒரு இன்ஜினியர், பாலத்துக்குக் கணக்குப் போடற மாதிரி கம்போட ஒவ்வொரு அங்குலத்துலயும் எவ்வளவு அழுத்தம் விழும்னு கணக்குப் போட்டே கம்பு செஞ்சவர். அவர் முறையை விளக்குற புத்தகம் 1977-ல வந்துச்சு, இன்னைக்கும் கம்பு செய்யறவங்களுக்கு அதுதான் பாடப்புத்தகம்.

சரி, அந்த மூங்கில் எங்க இருந்து போச்சு?

இங்கதான் நான் படிக்கறதை நிறுத்திட்டு எழுந்து ஒரு நடை நடந்துட்டு வந்தேன். லெனார்டு காலத்துல, 1900 வரைக்கும்னு வச்சுக்கங்க, அமெரிக்காவுலயும் இங்கிலாந்துலயும் நல்ல கம்புக்குப் போன மூங்கிலோட பேரு 'கல்கத்தா கேன்'. கல்கத்தா துறைமுகத்துல கப்பல் ஏறினதால அந்தப் பேரு. தாவர இயல்ல அது பெரும்பாலும் டென்ட்ரோகலாமஸ் ஸ்ட்ரிக்டஸ். தமிழ்ல? கல் மூங்கில். நம்ம சத்தியமங்கலத்துக் காட்டுச் சரிவுல, ஆனைகட்டி பக்கம், மலையடிவாரத்துல வறண்ட மண்ணுல வளர்ற அதே கல் மூங்கில். கப்பல் ஏறின கம்பு இங்க வெட்டினதுன்னு நான் சொல்லலை, அது வடக்குல இருந்து போயிருக்கும். இனம் ஒண்ணு.

கோவையில ஒரு மூங்கில் கடைக்குப் போய்க் கேட்டுப் பார்த்தேன். கடை அண்ணனுக்கு அறுபது வயசுக்கு மேல இருக்கும்.

"அண்ணா, தூண்டில் கம்புக்கு எந்த மூங்கிலுங்க நல்லது?"

"எத்தனை அடிங்க தம்பி வேணும்?" ரெண்டு கம்பை எடுத்துத் தரையில தட்டினார். ஒண்ணு 'டொப்'புனு கேட்டுச்சு, இன்னொண்ணு 'டங்'குனு. "இது பொந்துங்க. ஏணிக்கு ஆகும், பந்தக்காலுக்கு ஆகும். வளைச்சு உட்டா அது எடத்துக்கே அது திரும்பி வரோணும்னா கல் மூங்கிலுதானுங்க. அதுவும் தேய்பிறையில வெட்டினதா இருக்கோணும். இல்லீன்னா உளுத்துப் போயிரும்."

தேய்பிறை விஷயத்துல ஒரு உண்மை என்னன்னா, மூங்கிலை உளுக்க வைக்கிற வண்டு அதுல இருக்கற மாவுச்சத்தைத் தேடித்தான் வருது. மாவுச்சத்து குறைஞ்ச பருவத்துல வெட்டினா உளுக்கறது குறையும். அது நிலாவால குறையுதான்னு நான் வாதாட வரலை, அண்ணனோட அனுபவம் என்னைவிட 40 வருஷம் பெருசு. ஆனா கம்பு செய்யறவன் 150 வருஷத்துக்கு முன்னாடி அமெரிக்காவுல தேடின அதே குணத்தை, இவரு தரையில தட்டியே சொல்லிட்டார்.

அப்புறம் கல்கத்தா கேன் ஏன் காணாம போச்சு? 20-ம் நூற்றாண்டு தொடக்கத்துல சீனாவுல இருந்து இன்னொரு மூங்கில் வந்துச்சு. டோங்கின் கேன். கணுவுக்குக் கணு இடைவெளி அதிகம், நேரா வளரும், வெளி நார் அடுக்கு இன்னும் தடிமன். நம்ம மூங்கில்ல கணு அடிக்கடி வரும், நேர்த்தி குறைவு, தீயில வாட்டின கரும்புள்ளி வேற. டோங்கின் ஜெயிச்சுடுச்சு, அது நியாயம்தான். ஒரு வேடிக்கை: டோங்கின்ங்கறது வியட்நாம்ல இருக்கு, அந்த மூங்கில் வளர்றது சீனாவோட குவாங்டாங் பக்கம். கல்கத்தாவும் பொய், டோங்கினும் பொய். வியாபாரி வச்ச பேரு எல்லாம் அப்படித்தான். 1931-ல மெக்ளூர்ங்கற தாவரவியலாளர்தான் அதுக்கு முறைப்படி அறிவியல் பேரு வச்சார். 1950-ல அமெரிக்கா சீனாவோட வியாபாரத்தை நிறுத்தினதும் டோங்கின் வரத்து நின்னுச்சு. அந்த இடைவெளியில ஃபைபர் கிளாஸ் வந்து உட்கார்ந்துச்சு, 1970-கள்ல கார்பன். இன்னைக்கு கடையில கிடைக்கிற ராடு பெரும்பாலும் கார்பன்தான். மூங்கில் கம்பு கையால செய்யற கலைஞர்கள் கொஞ்சப் பேர் உலகம் பூரா இருக்காங்க, நல்ல கம்பு ஒண்ணு ஆயிரம் டாலரைச் சாதாரணமாத் தாண்டும்.

இறகுக்கும் இதே கதை. அந்தக் காலத்துல சால்மன் மீனுக்குக் கட்டின பகட்டான ஃப்ளைகள்ல 'ஜங்கிள் காக்'னு ஒரு இறகு கண்ணு மாதிரி மினுக்கும். மெழுகு பூசின மாதிரி வெள்ளையும் பழுப்புமா ஒரு பொட்டு. அது வேற ஒண்ணும் இல்லை, நம்ம மலையடிவாரத்துல விடியக்காலையில கத்துதே, சாம்பல் காட்டுக்கோழி, அதோட சேவல் கழுத்து இறகு. உலகத்துல இந்தியாவுல மட்டும்தான் அந்தக் கோழி இருக்கு. 1960-களோட கடைசியில இந்தியா அந்த இறகு ஏற்றுமதியைத் தடை செஞ்சுச்சு. இப்ப அது பாதுகாக்கப்பட்ட பறவை, இறகை யாரும் தேடிப் போகாதீங்க. நம்ம வீட்டு நாட்டுச் சேவல் இறகே போதும்.

இப்ப விருந்தாளி.

நீலகிரி மேட்டுல, 2,000 மீட்டருக்கு மேல இருக்கற ஓடைகள்ல பெரிய மீன்னு சொல்லிக்கற மாதிரி எதுவும் கிடையாது. அங்க குடியேறின வெள்ளைக்காரங்களுக்கு அது ஒரு குறை. ஓடை அப்படியே ஸ்காட்லாந்து மாதிரி இருக்கு, மீன் மட்டும் இல்லை. 1863-ல பிரான்சிஸ் டேன்னு ஒரு ராணுவ மருத்துவர் டிரவுட்டைக் கொண்டுவர முயற்சி பண்ணினார், தோத்துப் போச்சு. பின்னாடி இந்திய மீன்களைப் பத்திப் பெரிய புத்தகம் எழுதினவர் இவர்தான். டிரவுட் முட்டையைச் சில்லுனு வச்சுக்கிட்டே வரணும், முட்டை பொரிய 10 டிகிரி தண்ணியில சுமார் ஒரு மாசம் ஆகும். இங்கிலாந்துல இருந்து வெயில் கடல் தாண்டி வர்றது விளையாட்டா?

விஷயம் கைகூடினது 1900-களோட முதல் பத்து வருஷத்துல. எச். சி. வில்சன்ங்கறவர் வந்தார். அவலாஞ்சியில 1907-ல மீன் குஞ்சு பொரிப்பகம் கட்டினாங்க. அவலாஞ்சிங்கற பேரே 1800-கள்ல அங்க நடந்த பெரிய நிலச்சரிவால வந்ததுன்னு சொல்வாங்க. இலங்கையில நுவரெலியா பக்கம் டிரவுட் ஏற்கெனவே வேர் விட்டிருந்துச்சு, அங்க இருந்து வந்தது பக்கத்து வீட்டுல இருந்து உறை மோர் வாங்கற மாதிரி. பழுப்பு டிரவுட் நிலைக்கலை, வானவில் டிரவுட் நிலைச்சுச்சு. அதோட சொந்த ஊர் வட அமெரிக்காவோட பசிபிக் கரை. அதே காலத்துலதான் சென்னை மாகாணத்துக்கு மீன்வளத்துறையை உருவாக்கினார் பிரடெரிக் நிக்கல்சன். 1887-ல கோயம்புத்தூர் மாவட்ட மேனுவல் எழுதின அதே நிக்கல்சன்.

அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி, முக்குருத்தி பக்கத்து ஓடைகள்னு டிரவுட் பரவுச்சு. அதுக்குப் பிழைக்க ரெண்டு விஷயம் வேணும்: குளிர்ந்த தண்ணி, ஓடுற தண்ணி. 20 டிகிரிக்கு மேல போனா திணறும், 25-ஐத் தாண்டினா உயிருக்கே ஆபத்து. அந்தக் குளிரைக் கொடுக்கறது சோலைக்காடும் புல்வெளியும். மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வச்சுக்கிட்டு, கோடையிலயும் சொட்டு சொட்டா விடும். சீகை மரமும் தைல மரமும் நட்டு அந்தப் புல்வெளியில பெரும்பகுதியை நாமளே மாத்திட்டோம்.

நீங்க கோவையில குடிக்கிற பில்லூர்த் தண்ணி இருக்கே, அது இந்த மலைத் தண்ணிதான். அவலாஞ்சி, எமரால்டு, மேல்பவானி அணைத் தண்ணி குந்தா மின் நிலையங்கள் வழியா இறங்கி பில்லூருக்கு வருது, அங்க இருந்து நம்ம குழாய்க்கு. டிரவுட் நீந்தின தண்ணி உங்க ஃபில்டர்ல இருக்குன்னு சொன்னா மிகை இல்லை.

இப்ப கஷ்டமான பகுதி. டிரவுட் அழகான மீன். பக்கவாட்டுல ரோஸ் கலர் கோடு, கறுப்புப் பொட்டு. ஆனா உலகத்தோட மிக மோசமான 100 ஊடுருவி இனங்கள்னு சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு அமைப்போட நிபுணர் குழு போட்ட பட்டியல்ல வானவில் டிரவுட்டும் இருக்கு. கலிபோர்னியாவோட சியரா நெவாடா மலை ஏரிகள்ல, மீனே இல்லாத இடத்துல விளையாட்டுக்காக டிரவுட் விட்டாங்க. தலைப்பிரட்டையை எல்லாம் தின்னு, அங்க மட்டுமே இருந்த தவளைங்க ஏரி ஏரியா அழிஞ்சுச்சு. சில ஏரிகள்ல டிரவுட்டை எடுத்த பிறகு தவளை திரும்பிப் பெருகுச்சு. நீலகிரி ஓடைகளும் மீனில்லாத இடத்துல பழகின தவளைகளோட வீடு. அதுல பல இனம் வேற எங்கயும் கிடையாது.

இது வெறும் வெளிநாட்டு மீன் பிரச்சினையான்னா இல்லை. அதைப் புரிய அதே மலையில இருந்து கீழ இறங்கணும்.

முக்குருத்தி சிகரம் பக்கம் பிறக்குற பைக்காரா ஆறு, அணை தாண்டி, அருவியா விழுந்து, முதுமலை ஓரமா மாயாறா ஓடி, பவானிசாகர்ல வந்து சேருது. 1932-ல பைக்காராவுல இருந்து வந்த மின்சாரம்தான் நம்ம ஊர் மில்லுகளுக்கு வேகம் கொடுத்துச்சு, அது உங்க தாத்தா கதை. அந்த ஆத்தோட மேல்பகுதியில டிரவுட். கீழ, மாயாத்துல, முதுகு கூனின மஹ்சீர். கெண்டைக் குடும்பத்து மீன், ஆனா 50 கிலோவுக்கு மேல வளரும். 1946-ல கபினியில தூண்டில்ல புடிச்ச ஒண்ணு 120 பவுண்டு, அதாவது 54 கிலோ. அந்தக் காலத்துல இங்க தூண்டில் போட்டவங்களுக்கு உச்சகட்டக் கனவே இந்த மீன்தான். 1873-ல எச். எஸ். தாமஸ்னு சென்னை சிவில் சர்வீஸ் அதிகாரி இந்தியத் தூண்டில் மீன்பிடி பத்தி ஒரு புத்தகமே எழுதினார்.

காவிரியிலயும் அதோட கிளைகள்லயும் மட்டுமே இருக்கற அந்த மீனுக்குச் சரியான அறிவியல் பேரு எதுன்னு முடிவானது எப்பன்னு நினைக்கிறீங்க? 2018-ல. டோர் ரெமதேவி. மீனியல் விஞ்ஞானி ரெமாதேவியோட பேரு. அந்தப் பேரை 2007-லயே கேரளாவோட பாம்பாத்துல கிடைச்ச மீன்களுக்கு வச்சிருந்தாங்க. பாம்பாறுதான் கீழ வந்து அமராவதி ஆகுது, உடுமலை, தாராபுரம், கரூர்னு ஓடுது. அந்தப் பாம்பாத்து மீனும் காவிரியோட கூன் மஹ்சீரும் ஒண்ணுன்னு 2018-லதான் நிரூபிச்சாங்க. அதே வருஷம் 'மிக அழிநிலையில்' இருக்கற இனம்னு சிவப்புப் பட்டியல்ல ஏத்தினாங்க. நூறு வருஷத்துக்கு மேல எல்லாரும் போட்டோ எடுத்து, புத்தகம் எழுதி, ஆனா அது யாருன்னு கேட்காம விட்ட மீன்.

அது குறைஞ்சதுக்கு அணை, வெடி வச்சுப் புடிக்கறது, மணல் அள்ளறதுன்னு பல காரணம். ஆனா முக்கியமான ஒண்ணு: மஹ்சீரைக் காப்பாத்தறோம்னு நல்லெண்ணத்துல, 1970-களோட கடைசியில இருந்து மகாராஷ்டிரப் பொரிப்பகத்துல இருந்து நீலத்துடுப்பு மஹ்சீர்ங்கற வேற இனத்தைக் காவிரியில விட்டாங்க. அது பெருகுச்சு, கூன் மஹ்சீர் சுருங்குச்சு. ஒரே குடும்பத்து மீன்கூட, ஊர் மாறி வந்தா வீட்டுக்காரனை வெளிய தள்ளிடும்.

அதனால என் கருத்து இதுதான். ஏற்கெனவே நூறு வருஷமா இருக்கற டிரவுட்டை வெறுக்க வேண்டியதில்லை. பண்ணைத் தொட்டியில, பொரிப்பகத்துல வளரட்டும். ஆனா ஹோம்ஸ்டே, டூரிசம்னு சொல்லிப் புது ஓடையில குஞ்சு விடலாம்னு யாராச்சும் சொன்னா நான் எதிர்ப்பேன். செலவழிக்கணும்னா மாயாத்துல செலவழிங்க.

தங்கச்சியோட ரெண்டாவது கேள்வி. போய்ப் புடிக்கலாமா? டிரவுட் ஓடைங்க பெரும்பாலும் காப்புக்காட்டுக்குள்ள. முக்குருத்தி தேசியப் பூங்கா, வரையாடு வாழற இடம், அனுமதி இல்லாம கால் வைக்கறதே குற்றம். மத்த இடத்துலயும் வனத்துறை, மீன்வளத்துறை ரெண்டும் அனுமதிச்சாத்தான். ரிசார்ட்காரர் "நான் பார்த்துக்கறேன் சார்"ங்கறது அனுமதி இல்லை. மாயாத்து மஹ்சீரை நினைக்கவே வேண்டாம்.

ஆனா கம்பு வீசக் கத்துக்க டிரவுட் எதுக்கு? ஜப்பான்ல தென்காரான்னு ஒரு முறை இருக்கு. மலை ஓடைக்காரங்க முறை. ரீலே கிடையாது. நீளமான கம்பு, நுனியில கட்டின கயிறு, கயிறு முனையில இறகு சுத்தின கொக்கி. அவ்வளவுதான். நம்ம குளத்தங்கரைத் தூண்டில் கம்புக்கும் அதுக்கும் வித்தியாசம், புழுவுக்குப் பதில் இறகு. கல் மூங்கில் ஒல்லிக் கம்பு ஒண்ணு, 11-ல இருந்து 13 அடி. கயிறும் கிட்டத்தட்ட அதே நீளம். நுனியில சின்னக் கொக்கி, அதுல நாட்டுச் சேவல் கழுத்து இறகை நூலால நாலு சுத்து. கொக்கியோட எதிர்முள்ளைக் குறடு வச்சுத் தட்டிவிட்டுடுங்க, மீனையும் காயப்படுத்தாது, உங்க காதையும் கிழிக்காது. இது நான் செஞ்சு பார்த்தது.

மீன்? ஜிலேபி. இறகை நல்லாவே கடிக்கும். அதுவும் ஆப்பிரிக்காவுல இருந்து வந்த விருந்தாளிதான், நம்ம குளத்தை எல்லாம் நிரப்பிக்கிட்டு உட்கார்ந்திருக்கு. அதைப் புடிச்சுக் குழம்பு வச்சா எந்தத் தவளையும் உங்களைத் திட்டாது. கோவைக் குளங்கள்ல மீன்பிடி உரிமை பெரும்பாலும் குத்தகையில இருக்கும், அதனால குத்தகைக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போங்க. சொந்தக்காரங்க தோட்டத்துல பண்ணைக்குட்டை இருந்தா இன்னும் நல்லது.

தோட்டம்னதும் ஒண்ணு. முன்னாடி தோட்டத்துல மூங்கில் வளர்த்தாலும் சட்டப்படி அது 'மரம்', வெட்ட, கொண்டு போக அனுமதிச் சிக்கல். 2017 கடைசியில வனச் சட்டத்தைத் திருத்தி, காட்டுக்கு வெளிய வளர்ற மூங்கிலை அந்தப் பட்டியல்ல இருந்து எடுத்துட்டாங்க. மண்ணுக்கு ஏத்த கல் மூங்கில் நாலு புதர் வேலியோரம் வச்சா, ஏணிக்கும் பந்தலுக்கும் போக, கம்புக்கும் ஆகும். இழைப்புளி வேலையும் மைக்ரோமீட்டர் வேலையும் தெரிஞ்ச ஊர் இது. யாராச்சும் ஆறு பட்டை வச்சு ஒரு கல் மூங்கில் கம்பு செஞ்சு பார்த்தா எனக்கு போட்டோ அனுப்புங்க, கணு எத்தனை வந்துச்சு, எங்க ஒடிஞ்சுச்சுங்கறதையும் சேர்த்து. அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே.